ஸ்கேனர் வைக்கச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துக் கடைக்காரர்களே, கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்களே, பங்குத் திருவிழாக் குழுவினரே, டியூஷன் சென்டர் நடத்தும் தம்பி தங்கைகளே, கல்யாண வீட்டுக்காரர்களே,

எல்லோருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை, செய்கிறவள். 19 வருடமாக உங்கள் மேட்டரைத் தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை திருத்தி, தலைமை யார் முன்னிலை யார் என்ற சண்டையை எல்லாம் கேட்டு, நோட்டீஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். மீதிப் பேருக்கு "மானிட்டர் பக்கத்துல ஒரு அக்கா இருப்பாங்களே" என்றால் தெரியும்.

கொஞ்ச வருடமாக நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு காரியம் செய்கிறீர்கள். பெயர், தேதி, இடம், போன் நம்பர் எல்லாம் சொல்லி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, எழுந்து வாசல் வரை போவீர்கள். செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "அக்கா, ஓரத்துல ஒரு ஸ்கேனரும் வச்சிருங்க" என்பீர்கள்.

ஸ்கேன் செய்வது போன், ஸ்கேன் ஆவது அந்தக் கட்டம், அதன் பெயர் க்யூஆர் கோடு என்று ஒரு காலத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். யாரும் மாறவில்லை, நான் மாறிவிட்டேன். இந்த மடலிலும் ஸ்கேனர் என்றே வைத்துக்கொள்வோம்.

"எதுக்கு ஸ்கேனர்?" என்று கேட்டால் உங்களிடமிருந்து வரும் பதில், "எல்லாரும் வைக்காவல்லா, நாமளும் வைப்போம்." இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு நீள மடல். ஸ்கேனர் என்பது பூ பார்டர் மாதிரி ஓரத்தில் வைக்கிற அலங்காரம் இல்லை. அது ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது எத்தனை நாள் திறந்திருக்கும், சாவி யார் கையில் என்று தெரியாமல் 10,000 பேர் வீட்டுக்குக் கதவை அச்சடித்து அனுப்பாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் கடைத் திறப்பு விழா. ஏ5 அளவு, மல்டிகலர், ஆர்ட் பேப்பர், 10,000 நோட்டீஸ். அண்ணாச்சியின் மகன் கல்லூரியில் படிக்கிற பையன், கெட்டிக்காரன். அவனே ஏதோ இலவச வெப்சைட்டில் ஸ்கேனர் தயார் செய்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். ஸ்கேன் செய்தால் தள்ளுபடிக் கூப்பன் திறக்கும், அதைக் கடையில் காட்டினால் சாப்பாட்டு மேசைக்கு விலை குறையும். நல்ல யோசனைதான். புரூஃப் (சரிபார்க்கும் மாதிரித் தாள்) எடுத்ததும் நான் என் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். கூப்பன் திறந்தது. அண்ணாச்சியும் பார்த்தார். ஓகே என்று கையெழுத்துப் போட்டார். பிளேட் (அச்சுத் தகடு) போட்டு அடித்துக் கட்டுக் கட்டி அனுப்பிவிட்டோம்.

திறப்பு விழாவுக்கு முன்னால் 7,000 நோட்டீஸ் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போய்விட்டது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணாச்சி கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. "மை சரியில்லாம அடிச்சிருக்கிய. ஒண்ணும் வேலை செய்யல." நான் வாங்கி ஸ்கேன் செய்தேன். போன் ஒரு நொடியில் படித்தது. மையில் குறையில்லை. ஆனால் கூப்பனுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் இலவசக் காலம் முடிந்துவிட்டது, கோடு மீண்டும் வேலை செய்ய மாதச் சந்தா கட்டவும். சந்தா டாலரில்.

பையன் மேல் தப்பில்லை. இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்த வெப்சைட்டில், இத்தனை நாளுக்குத்தான் என்பது பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. என் மேல் தப்பு உண்டு. ஸ்கேன் செய்தேன், திறந்தது, என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். திறக்கும் முன் போன் திரையில் ஒரு முகவரி மின்னுமே, அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் அது கடையின் முகவரி இல்லை, யாரோ மூன்றாம் ஆளின் முகவரி என்று தெரிந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி, மிச்சமிருந்த 3,000 நோட்டீஸில் பழைய கட்டத்தின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அண்ணாச்சி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், எங்கள் கடையில் பைண்டிங் பார்க்கிற பாட்டி எல்லோரும் சோபா ஷோரூமில் தரையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். வீடுகளுக்குப் போன 7,000 போனதுதான்.

இதில் உள்ள சூட்சுமம் எளிது. ஸ்கேனரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் நீங்கள் கொடுக்கிற இணைப்பு அப்படியே அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறி உட்கார்ந்துவிடும். அதற்குக் காலாவதி கிடையாது. காகிதம் இருக்கும் வரை, உங்கள் பக்கம் இருக்கும் வரை வேலை செய்யும். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்றில் உங்கள் இணைப்பே இருக்காது. இடையில் ஒரு கம்பெனியின் குட்டி முகவரிதான் இருக்கும். போன் முதலில் அங்கே போகும், அவர்கள் அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பி விடுவார்கள். இதில் லாபம், அடித்த பிறகும் போகிற இடத்தை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம். நஷ்டம், அவர்கள் கடையை மூடினாலோ, உங்களிடம் காசு கேட்டு நீங்கள் கொடுக்காவிட்டாலோ உங்கள் நோட்டீஸ் செத்துப் போகும். மாற்றும் வசதி வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு வெப்சைட் பெயர் வாங்கி, அதற்குள்ளேயே திருப்பி விடும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சாவி உங்கள் கையில் இருக்கும்.

காசு வாங்குகிற யு.பி.ஐ. ஸ்கேனர் முதல் ஜாதி. அதற்குள் உங்கள் யு.பி.ஐ. ஐடியே எழுதப்பட்டிருக்கும். அதனால் காலாவதி பயம் இல்லை, ஆனால் அதில் வேறொரு வினை இருக்கிறது. கொடைக் கமிட்டிக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

நம் ஊரில் கமிட்டி வருடா வருடம் மாறும். பொருளாளர் மாறுவார். நோட்டீஸ் மாறாது. போன வருட ஃபைலைத் திறந்து தேதியையும் பெயர்களையும் மாற்றச் சொல்வீர்கள், ஏனென்றால் அதுதான் சல்லிசு. நானும் தேதியை மாற்றுவேன், பெயரை மாற்றுவேன், சிறப்பு விருந்தினர் படத்தை மாற்றுவேன். "நன்கொடை அனுப்ப" என்று கீழே இருக்கிற ஸ்கேனரைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது. மனிதக் கண்ணுக்குப் பழைய பொருளாளரும் புதுப் பொருளாளரும் ஒன்றுதான். ஒரு கோயில் கமிட்டியில் இப்படி நடந்து, துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பச் சொன்ன கொடைப் பணம் எல்லாம் முந்தைய வருடத்துக்காரர் கணக்கில் விழுந்தது. அவர் நல்ல மனுஷர், எண்ணி ஒப்படைத்துவிட்டார். ஆனால் அந்த ஊர்க்கூட்டத்தில் கேட்கக் கூடாத பேச்செல்லாம் அவர் கேட்க வேண்டியிருந்தது. பொருளாளரின் சொந்தக் கணக்கு வேண்டாம், கமிட்டி பெயரில் வங்கிக் கணக்கு திறந்து அதற்கு யு.பி.ஐ. எடுங்கள். அதுவரை, புரூஃப் பார்க்கும்போது ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பெயர் என்ன வருகிறது என்று சத்தமாகப் படியுங்கள். ஒரு ரூபாய்தான்.

அதோடு ஸ்கேனர் பக்கத்தில் அந்தப் பெயரையும் அச்சடித்துவிடுங்கள். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டத்தின் மேல் திருட்டுத்தனமாகத் தன் கட்டத்தை ஒட்டிப்போகிற பயல்கள் இருக்கிறார்கள். போஸ்டர் மேல் ஒட்ட எத்தனை நேரமாகும்? பெயர் அச்சில் இருந்தால், திரையில் வேறு பெயர் வரும்போது அனுப்புகிறவர் கை நிற்கும்.

அப்புறம், நம் ஊரில் பலருக்கு ஸ்கேன் என்றாலே பணம் அனுப்புவதுதான். மீன் சந்தை, டீக்கடை, ஆட்டோ எல்லா இடத்திலும் அதற்குத்தானே கட்டத்தைக் காட்டுகிறோம்? டியூஷன் சென்டர் நோட்டீஸில் வெறுமனே ஒரு கட்டம் இருந்தால், பார்க்கிற அம்மாவுக்கு "இவனும் காசு கேட்கான்" என்றுதான் தோன்றும். கீழே ஒரு வரி போடுங்கள்: "வழி பார்க்க", "விலைப் பட்டியல் பார்க்க", "டைம் டேபிள் பார்க்க". "ஸ்கேன் செய்யவும்" என்று மட்டும் போடச் சொல்லாதீர்கள். என்னத்துக்கு என்று சொல்லாமல் ஒருவர் கதவை ஏன் திறப்பார்?

பார்கோடு பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கோடு கோடாக இருக்குமே அது. ஒரு நேந்திரங்காய் சிப்ஸ்காரர் புதுசாக பாக்கெட் போட்டார். லேபிள் அடிக்க வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, "இந்தக் கோட்டை அப்பிடியே எடுத்து நம்ம லேபிளுக்கும் வச்சிருங்க, கடைல பாக்க ஒரு இதுவா இருக்கும்" என்றார். அண்ணாச்சி, அப்படி வைத்தால் சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் உங்கள் சிப்ஸ் பிஸ்கட் விலைக்குப் போகும் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கோடுகளுக்குள் இருப்பது ஓர் எண் மட்டும்தான். 890 என்று தொடங்கினால் ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழங்கிய எண். அங்கே பதிவு செய்து உங்களுக்கென்று வாங்க வேண்டும். இரவல் வாங்க முடியாது. அந்தக் கோடு பிறந்ததே கடற்கரையில்தான் என்று படித்திருக்கிறேன். நார்மன் ஜோசப் உட்லேண்ட் என்ற அமெரிக்கர் மியாமி கடற்கரையில் உட்கார்ந்து மோர்ஸ் கோடின் புள்ளியையும் கோட்டையும் யோசித்துக்கொண்டு, மணலில் விரல்களைப் பதித்துக் கீழ்நோக்கி இழுத்தாராம். 1952-இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு கடையில் முதன்முதலாக அப்படி ஸ்கேன் ஆகி விற்பனையான பொருள், 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட். முட்டம் மணலில் நாமும் எத்தனையோ கோடு இழுத்திருக்கிறோம், சரி, விடுங்கள்.

கட்டம் வந்தது 1994-இல். ஜப்பானில் டென்சோ என்ற நிறுவனத்தில் (அந்தப் பிரிவுக்கு இப்போது டென்சோ வேவ் என்று பெயர்) மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய சிறு குழுவும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கச் செய்தது. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அவர்கள் நம் தொழிலைத்தான் முதலில் ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்று மூலையிலும் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் போன் "இதோ கோடு" என்று கண்டுகொள்கிறது. அந்த வடிவம் வேறெங்கும் அச்சில் வந்துவிடக் கூடாது என்பதற்காக நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி எல்லாம் எடுத்து, கறுப்பும் வெள்ளையும் என்னென்ன விகிதத்தில் வருகிறது என்று அளந்தார்களாம். எங்குமே அதிகம் வராத விகிதம் 1:1:3:1:1 என்று கிடைத்தது. அதையே மூலைக்கு வைத்தார்கள். காப்புரிமை இருந்தும் உலகம் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அந்த மூலைச் சதுரத்தின் மேல்தான் நீங்கள் "குத்துவிளக்கு படம் கொஞ்சம் ஏறினாலும் பரவால்ல" என்கிறீர்கள்.

பரவாயில்லை என்று விட முடியாது. நடுவில் லோகோ வைக்கலாம், ஏனென்றால் கோட்டின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துப் படிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். எண்ணெயும் அழுக்கும் படிகிற தொழிற்சாலைக்காகச் செய்தது அல்லவா? நான்கு நிலை உண்டு. 7, 15, 25, 30 சதவீதம் வரை சேதம் தாங்கும். எவ்வளவு தாங்க வேண்டுமோ அவ்வளவுக்குக் கட்டங்களும் கூடும். ஆனால் மூலைச் சதுரம் மூன்றையும் தொடக் கூடாது. சுற்றிலும் நான்கு சிறு கட்டம் அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். நீங்கள் அந்த வெள்ளையைத்தான் "சும்மா கிடக்கே" என்று சொல்லி ஜிஎஸ்டி நம்பரை அங்கே வைக்கச் சொல்கிறீர்கள்.

இனி என் மேசையில் தினமும் நடப்பது. நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்புகிற ஸ்கேனர் படம், அனுப்பும்போதே அமுங்கித் தேய்ந்துதான் வரும். அதைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக இருக்கும். அதோடு அந்தக் கறுப்பு திரையில்தான் கறுப்பு. அப்படியே பிளேட்டுக்குப் போனால் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த கறுப்பாகப் பிரியும். மெஷினில் ரெஜிஸ்டர், அதாவது நான்கு மையும் ஒரே இடத்தில் விழுகிற பொருத்தம், தலைமுடி அளவு விலகினால் போதும், ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் ஒரு பக்கம் சிவப்பு நிழல், ஒரு பக்கம் நீல நிழல் வரும். கல்யாணப் பெண்ணின் படத்தில் அந்த விலகலை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்கேனரில் போன் கவனிக்கும். அதனால் நான் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கறுப்பில் மறுபடி போடுகிறேன். படம் அனுப்பாதீர்கள், இணைப்பை எழுத்தாக அனுப்புங்கள். நானே போட்டுக்கொள்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

இணைப்பு நீளமாக இருந்தால் கட்டம் பொடிப் பொடியாகும். 40 எழுத்துக்குள் முடிந்தால் சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு 29 சிறு சதுரம் போதும். எங்கிருந்தோ காப்பி செய்த 150 எழுத்து இணைப்பு என்றால் 49. இரண்டையும் 2 சென்டிமீட்டரில் வைத்தால் முதலாவதில் ஒரு சதுரம் 0.7 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருக்கும், இரண்டாவதில் 0.4. நீங்கள் "போன் நம்பர் பெருசா தெரியணும், ஸ்கேனரைச் சின்னதாக்குங்க" என்று சொல்லி 1.2 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் கால் மில்லிமீட்டர். சல்லிசுத் தாளில் மை கொஞ்சம் பரவும். அவ்வளவுதான், கட்டமெல்லாம் சேர்ந்து கரித்துணி மாதிரி ஆகிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும் நோட்டீஸுக்கு 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தங்க நிறத்தில், ரோஸ் நிறத்தில் கேட்காதீர்கள். வெள்ளையில் கறுப்பு. முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஆகாது என்கிறவர்களுக்குக் கடும் பச்சையோ கரு நீலமோ வைத்துத் தருகிறேன்.

நோட்டீஸை நாலாக மடித்துக் கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மடிப்பு கட்டத்தின் நடுவே விழுந்தால் வெடித்துவிடும். தேன் குப்பி லேபிளுக்கும் இதே கதைதான். குப்பி வளைவில் அகலமாக வைத்தால் இரண்டு ஓரமும் பின்னால் ஓடிவிடும். சின்னதாக, முகத்துக்கு நேரே.

ஃபிளெக்ஸ் பேனர். ஒரு சுமார் கணக்கு சொல்கிறேன். பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓரடிக் கட்டம் வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் 40 அடியில் நிற்கிறவருக்கு நாலடிக் கட்டம். நீங்கள் வைப்பது தலைவர் படத்தின் காலடியில் ஆறு அங்குலம். வெட்டூர்ணிமடத்திலோ தக்கலையிலோ சிக்னலில் பைக்கில் நிற்கிறவன் கழுத்தை வளைத்துப் போனை எடுத்து... வேண்டாம். பஸ் பின்னால் ஒட்டும் விளம்பரத்துக்கு ஸ்கேனர் வைக்கச் சொன்ன ஒரு கடைக்காரரிடம் நான் முடியாது என்றே சொல்லிவிட்டேன். ஓடுகிற பஸ்ஸின் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டச் சொல்வது விளம்பரம் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதே இல்லை. நம் மாவட்டத்தில் நோட்டீஸ் காகிதத்தில் பயணம் செய்வதை விட வாட்ஸாப்பில்தான் அதிகம் பயணம் செய்கிறது. 500 நோட்டீஸ் அடிப்பீர்கள், அதன் படம் குடும்ப குரூப், ஊர் குரூப், வளைகுடா நாடுகளில் இருக்கிற பிள்ளைகள் குரூப் என்று ஆயிரக்கணக்கில் போகும். அங்கே ஸ்கேனர் எங்கே இருக்கிறது? போன் திரைக்கு உள்ளே. ஸ்கேன் செய்ய வேண்டிய போனும் அதுதான். ஒரு கண்ணால் அதே கண்ணைப் பார்க்கச் சொல்கிறீர்கள். படத்தைச் சேமித்து வைத்துக் கூகுள் லென்ஸில் திறந்து பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கருங்கல் ஊரில் இருக்கிற என் அத்தைக்குத் தெரியாது. அதனால் காகிதத்தில் ஸ்கேனர் இருந்தாலும், வாட்ஸாப்பில் படம் அனுப்பும்போது அதே இணைப்பைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். விரலால் தொட்டால் திறக்கும். அந்த இணைப்பை அனுப்பச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நீங்கள் கேட்காமலே பி.டி.எஃப்போடு சேர்த்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன்.

போன் நம்பரை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். "ஸ்கேனர் இருக்குல்ல, நம்பர் எதுக்கு" என்று ஒரு தம்பி கேட்டான். பேச்சிப்பாறை மேலே போய்ப் பார், சிக்னல் இருக்கிறதா என்று. அதோடு நம் பெரியவர்களுக்குக் கூப்பிட்டுப் பேசினால்தான் ஒரு காரியம் முடிந்த மாதிரி இருக்கும்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, ஸ்கேனரே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வழி காட்டும் ஸ்கேனர் மாதிரி ஓர் உபகாரம் வேறு கிடையாது. முன்பெல்லாம் "குலசேகரம் ரோட்டில் இறங்கி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி உள்ளே போகும் ரோட்டில், குருசடி தாண்டி இடது பக்கம்" என்று நாலு வரி எழுதுவோம் (குருசடி என்பது வழியோரச் சிலுவைக் கோயில்), அப்படியும் மாப்பிள்ளை வீட்டு வேன் வேறொரு குருசடியில் போய் நிற்கும். இப்போது மண்டபத்தின் சரியான புள்ளியை வைத்துக் கொடுத்தால் போதும். புள்ளியை வாசலில் நின்று எடுங்கள், வீட்டில் உட்கார்ந்து தேடி எடுக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மண்டபம் இருக்கிறது.

மொழி விஷயத்தில் இது பெரிய வரம். கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறவர்களைத்தான் நினைக்கிறேன். உள்ளங்கை அளவு கார்டில் எத்தனை மொழி அடிக்க முடியும்? ஸ்கேனருக்குப் பின்னால் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், ஆங்கிலம் எல்லாம் வைக்கலாம். மார்த்தாண்டத்து ஜவுளிக் கடைகளுக்கும்தான். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி வருகிறவர்களுக்கு மலையாளத்தில் ஒரு பக்கம் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த லாட்ஜ் கார்டில் வரவேண்டியது "எங்களைப் பற்றி" இல்லை. கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள். திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை பூட்டியிருக்கும். இது தெரியாமல் குழந்தைகளோடு போய்த் திரும்பி வருகிற குடும்பங்களை நீங்கள் வாரா வாரம் பார்க்கிறீர்கள். "இன்றைக்குப் படகு உண்டா?" என்று ஸ்கேனர் கீழே ஒரு வரி போட்டு, தினமும் காலையில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றி வையுங்கள். காகிதம் செய்யவே முடியாத வேலை அது. அந்த வேலைக்குத்தான் ஸ்கேனர்.

தேன் விற்கிறவர்களுக்கும் அதேதான். நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன் என்பதும், ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் காலத்தில்தான் அது கிடைக்கிறது என்பதும் சென்னையில் குப்பியைக் கையில் எடுக்கிறவருக்குத் தெரியாது. எந்தத் தோட்டம், எந்த மாதம் எடுத்தது, உறைந்து போனால் என்ன செய்வது என்று எழுதி வையுங்கள். இரண்டு வருடமாகத் தொடாத ஃபேஸ்புக் பக்கத்துக்குக் கொண்டு போய் விடாதீர்கள்.

உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 2018-இல் தொடங்கிப் புதுப் பாடத்திட்டத்தில் வந்த நம் அரசுப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள், பாடத்துக்குள்ளேயே கட்டம் இருக்கும், ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். அதிகம் விற்கிற 300 மருந்துகளின் அட்டையிலோ பெட்டியிலோ 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரித்தவர் பெயரும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும்.

எண்ணிப் பார்க்கிற வசதியையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரிகளுக்கு ஆசை அதில்தானே. பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸுக்கு ஓர் இணைப்பு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் கையில் கொடுக்கிற நோட்டீஸுக்கு இன்னோர் இணைப்பு என்று பிரித்து அடித்தால், எதிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். தாள் ஒன்றுதான், கட்டம் மட்டும் வேறு. பாதி அடித்ததும் கறுப்பு பிளேட்டை மாற்றினால் போதும், செலவு பெரிதாக வராது. ஆனால் வந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் "நோட்டீஸ் வேஸ்ட்" என்று என்னிடம் வராதீர்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யாமல் நேரே கடைக்கு வந்து நின்றவர்களை எந்தக் கணக்கும் எண்ணாது. கல்லாவில் இருக்கிறவரை "எப்படித் தெரிந்து வந்தீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

மாசி வருகிறது. மண்டைக்காட்டுக் கொடையை ஒட்டி எல்லா ஊரிலும் வேலை குவியும், அப்புறம் பங்குனி, சித்திரை என்று எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஸ்கேனர் வேண்டுமென்றால் வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொல்லாதீர்கள், உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்கள். இணைப்பை எழுத்தாகக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்கிறவர் எங்கே நின்று, எதற்காகச் செய்வார் என்று எனக்கு ஒரு வரியில் சொல்ல முடிந்தால் நல்ல இடம் பார்த்து வைத்துத் தருகிறேன். சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்தில் போன் நம்பரை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்போம். புரூஃப் பார்க்க வரும்போது உங்கள் புதுப் போனோடு அம்மாவின் பழைய போனையும் எடுத்து வாருங்கள், இரண்டிலும் பார்ப்போம். லேமினேஷன் உண்டென்றால் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்ப்போம், பளபளப்பில் சில கட்டம் மறையும்.

மேட்டர் எழுத வெள்ளைத்தாள் கொண்டுவர வேண்டியதில்லை. ஸ்டிக்கர் ஒட்டியும் மிஞ்சித் திரும்பி வந்த ஃபர்னிச்சர் கடை நோட்டீஸ் ஒரு கட்டு இன்னும் என் மேசைக்கு அடியில் இருக்கிறது. பின்பக்கம் காலி. ஒரு தாளை உருவி எழுதுங்கள். ஏழு மணிக்கு மேல் மட்டும் வராதீர்கள், பிளேட் போடுகிற பையன் கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவான்.

இப்படிக்கு,
மானிட்டர் பக்கத்து அக்கா
மார்த்தாண்டம்